ஒரு துணைக்கால்

அன்புள்ள தங்கைக்கு,

இதழியல் படிப்பில் சேர்ந்துவிட்டதாக எழுதியிருந்தாய். மிக்க மகிழ்ச்சி. எதைக் கற்றுக்கொண்டால் நல்ல நிருபர் ஆகலாம் என்று கேட்டிருக்கிறாய். கேமராவும் எடிட்டிங்கும் கல்லூரியில் சொல்லித் தருவார்கள். இன்று படிக்கிற மென்பொருள் நீ வேலைக்கு வருவதற்குள் மாறியும்விடும். என்றைக்கும் மாறாத ஒன்றை நான் சொல்கிறேன்: பெயரைச் சரியாக எழுதப் பழகு.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். பஸ் விபத்தில் இறந்தவர்களின் பட்டியல் இரவு பதினோரு மணிக்குக் கைக்கு வந்தது. எல்லாம் ஆங்கிலத்தில். ஒரு பெயருக்கு முன்னால் 'கே' என்ற எழுத்து. தமிழில் அது 'க'வா, 'கா'வா? ஆஸ்பத்திரி வாசலில் உறவினர்கள் நின்றிருந்தார்கள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பக்கம் முடிக்கிற அவசரத்தில் 'கா' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இறந்தவரின் தெருவிலேயே, அதே பெயரில், 'கா' என்ற தலைப்பெழுத்தோடு ஒருவர் இருந்தார். திருப்பூரில் வேலை. செல்போன் இல்லாத காலம். சாயங்கால பஸ்ஸில் அவர் வந்து இறங்கும்வரை அவருடைய அம்மா அழுதுகொண்டே இருந்தார். மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். அந்தத் தாய் திட்டவில்லை. "ஒரு வார்த்தை விசாரிச்சுப் போடக் கூடாதாப்பா?" என்றார். செய்தி முதல் பக்கத்தில் வந்திருந்தது. திருத்தம் உள்பக்கத்தில் மூன்று வரி.

பாரதியார் 1904இல் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தபோது, ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவதுதான் அவருடைய வேலை. இன்றும் தமிழ்ப் பத்திரிகை டெஸ்க்கில் புதிதாகச் சேர்பவருக்கு அந்த வேலை வரும். அதைச் சிறிதாக நினைக்காதே. மொழி மாறுகிற இடத்தில்தான் பெயர்கள் சிதைகின்றன.

இன்னொன்றையும் கவனி. அமைச்சரின் பெயரைப் பதவியோடு எழுதுகிற நாம், வயலில் நாற்று நடுகிறவரைப் 'பெண் கூலித்தொழிலாளி ஒருவர்' என்று முடித்துவிடுகிறோம். அவருக்கும் பெயர் உண்டு, ஊர் உண்டு. கேட்டு எழுது.

பழகுவதற்கு இடம் சொல்கிறேன். திங்கட்கிழமைகளில் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கும். போய் உட்கார். மனுவோடு காத்திருக்கும் ஒருவரிடம் பேசு. எத்தனையாவது முறை வந்திருக்கிறார், முன்பு கொடுத்த மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டுப் பார். பிறகு சம்பந்தப்பட்ட அதிகாரியிடம் கேள். அவர் பதில் சொல்லாவிட்டால், 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் உன் கையில் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு செய். ஒரு செமஸ்டருக்கு இப்படி ஒரு மனுவைக் கடைசிவரை பின்தொடர்ந்தால் போதும். அரசு அலுவலகம் எப்படி இயங்குகிறது என்பது உனக்குப் புரிந்துவிடும்.

பெயரை எழுதவே கூடாத இடமும் உண்டு. பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தையின் பெயர், படம், குடும்பம், பள்ளி, வசிக்கும் பகுதி என அடையாளம் காட்டும் எதையும் வெளியிட 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் தடை விதிக்கிறது. பெயரை மறைத்துவிட்டுத் தெருவைக் காட்டினாலும் குற்றம்தான். மற்ற சேனல்கள் போட்டுவிட்டன என்று யாராவது அவசரப்படுத்தினால், முடியாது என்று சொல். அந்தத் துணிவும் இந்தப் படிப்பில் ஒரு பாடம்.

வருகிற திங்கட்கிழமை போய்விட்டு வந்து எனக்குக் கடிதம் எழுது. நீ பேசிய ஒருவரின் பெயரை, தலைப்பெழுத்தோடு, அவரிடமே காட்டிச் சரிபார்த்து எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்