வானின் நீளமும் வடிவமைப்புக் கல்வியும்

யாப்பிலக்கணம் கற்ற மாத்திரத்தே ஒருவன் புலவனாகிவிடுவதில்லை. அவ்வாறே சூத்திரங்களை நெட்டுருச் செய்த மாத்திரத்தே ஒருவன் நீரியல் வடிவமைப்பில் வல்லவனாகிவிடுவதுமில்லை. இக்கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகஞ் சென்று குடிசார் பொறியியல் பயிலும் மாணவரும், அதனைக் கற்பிக்கும் பழைய மாணவரும் இவ்வேறுபாட்டை ஊன்றி நோக்குதல் நன்று. ஒரு கணக்கின்வழி இதனை விளக்குவாம்.

குளம் நிறைந்தபின் மிகும் நீரைக் கழிப்பது வான். அகன்ற முடியுடைய வானின் மேலாக ஒரு செக்கனிற் செல்லும் நீரின் அளவை அறிதற்கு, முடிக்கு மேல் நிற்கும் நீரின் உயரத்தை அதன் வர்க்கமூலத்தாற் பெருக்கி, வந்ததை வானின் நீளத்தாலும் 1.7 ஆலும் பெருக்குதல் வேண்டும். 30 மீற்றர் நீளமான வானில் நீர் 1 மீற்றர் உயரின் 51 கனமீற்றர் செல்லும்; 2 மீற்றர் உயரின் ஏறத்தாழ 144 கனமீற்றர் செல்லும்.

இது கணக்கு. இனி வினாவைத் திருப்புவோம்: செக்கனுக்கு 144 கனமீற்றர் வெள்ளம் வருமாயின் எத்துணை நீளமான வான் வேண்டும்? ஒரு மாணவன் 30 மீற்றர் என்பான். மற்றொருவன் 85 மீற்றர் என்பான். இருவர் கணக்கும் சரியே. முன்னவனது வானுக்குச் செலவு குறைவு. ஆயின் நீர் 2 மீற்றர் ஏறுதலாற் குளக்கட்டு முழுவதையும் உயர்த்தல் வேண்டும். மேற்புற நிலமும் மூழ்கும். பின்னவனது வானில் நீர் 1 மீற்றரே ஏறும். ஆயின் வானின் சுவர் நீண்டு செலவு மிகும். எதனைக் கொள்வதென்று சூத்திரம் கூறாது. ஆதலின் ஆசிரியர் ஒரே விடையை எதிர்பாராது, மாணவன் காட்டும் காரணங்களை மதிப்பிடுதல் வேண்டும்.

அதனினும் பெரிய வினா, 144 என்னும் எண் எங்கிருந்து வந்தது என்பதாம். இந்தியாவின் குஜராத்தில் மச்சு இரண்டாம் அணையின் வான், செக்கனுக்கு ஏறத்தாழ 5,660 கனமீற்றர் நீரைக் கழிக்குமாறு அமைக்கப்பட்டிருந்தது. 1979 ஆகஸ்ட் 11ஆம் நாள் அவ்வளவினை வெகுவாக விஞ்சி வெள்ளம் வந்தது. நீர் மண்கட்டின் மேலாகப் பாய, கட்டு அரிப்புண்டு உடைந்தது. கீழேயிருந்த மோர்பி நகரிலும் அயலூர்களிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். எடுத்துக்கொண்ட வெள்ளத்தின் அளவு சிறிதாயின், கணக்கு எத்துணைச் செம்மையாயினும் பயனில்லை.

எனவே, வினாத்தாளில் தரப்பட்ட எண்ணை மாணவன் வாளா ஏற்றல் கூடாது. அஃது எத்தனை ஆண்டு மழையை ஆராய்ந்து பெறப்பட்டது, அதனை விஞ்சிய வெள்ளம் வரின் நீர் எவ்வழிச் செல்லும், அவ்வழியிற் குடியிருப்போர் யாவர் என வினவப் பழகுதல் வேண்டும். இவ்வினாக்களை எழுப்பும் பழக்கத்தை வகுப்பிலேயே ஊட்டுதல் ஆசிரியர் கடனாகும்.