பிட்டும் பிட்டாவும்

பெரும்பாணாற்றுப்படையைக் கற்பிக்கும்போது ஓரிடத்தில் சற்றே நின்று செல்வது எம் வழக்கம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய அந்நூலில், வயற்புறத்து உழைப்பாளரின் சிறுவர் பழஞ்சோற்றுத் திரளையை உண்டு சலித்து, புது வைக்கோல் வேய்ந்த குடிலின் முன்றிலில் அவல் இடிப்பர். அவ்வுலக்கையோசை கேட்டுக் கிளிகள் அஞ்சும். "பழஞ்சோற்றைக் காலையுணவாகக் கொள்வார் இன்று யாவர்?" என்று அண்மையில் ஒரு வகுப்பில் வினவினோம். இட்டலியும் தோசையும் உண்டு வளர்ந்த பிள்ளைகள் விழித்தனர். கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும் மாணவி ஒருத்தி மட்டும் எழுந்து, "எங்கள் வீட்டுப் பின்கட்டில் குடியிருக்கும் வங்காளிகள் உண்கிறார்கள், அம்மா" என்றாள். வகுப்பு சிரித்தது. வடக்கிலிருந்து வந்தவர் சப்பாத்தி அல்லவா உண்பர் என்பது அச்சிரிப்பின் பொருள். இக்கட்டுரை அச்சிரிப்பினின்று பிறந்தது.

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில் உள்ளது கும்மிடிப்பூண்டி. சென்னையையும் ஹவுராவையும் இணைக்கும் இருப்புப்பாதை அவ்வூர் வழியே செல்கிறது. அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையிலும் சுற்றியுள்ள இரும்பாலைகளிலும் ஒடிசா, பீகார், மேற்கு வங்கம், அசாம் மாநிலத்தார் பலர் உழைக்கின்றனர். இவர்களையெல்லாம் 'வடக்கத்தியார்' என ஒரே சொல்லில் அடக்குவது நம் வழக்கம். அச்சொல் அவர்தம் உணவு வேற்றுமையை மறைத்துவிடுகிறது. வங்கம் நெல்லின் நாடு. 1947இல் அது இரண்டாகப் பிரிந்தது. கிழக்குப் பகுதி 1971இல் வங்கதேசம் என்னும் தனிநாடாயிற்று. ஆயினும் இருபுறத்தும் காலைச் சோறு ஒன்றே. இரவில் வடித்த சோற்றில் நீரூற்றி வைத்து, விடியலில் உப்பும் வெங்காயமும் பச்சை மிளகாயும் கூட்டி உண்பதைப் 'பாந்தா பாத்' என்பர். நாம் மோர் விடுமிடத்தில் அவர்கள் சிறிது கடுகெண்ணெய் விடுவர். நமக்குக் கருவாடு எனின், அவர்க்குப் பொரித்த மீனோ மசித்த உருளைக்கிழங்கோ துணையாகும். நம் சித்திரை முதல் நாள் வரும் ஏப்ரல் 14ஆம் நாளே வங்கதேசத்தில் ஆண்டுப் பிறப்பு. அன்று நகரத்தாரும் ஹில்சா மீனொடு இப்பழஞ்சோற்றை விரும்பி உண்பர். ஏழையின் உணவு ஒரு நாளைக்கு மட்டும் விழாவுணவாகும் விந்தையை என்னென்பது!

அம்மாணவியின் வீட்டுப் பின்கட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்றோம். முர்ஷிதாபாத் மாவட்டத்துக் குடும்பம் அது. கணவர் காலை முறைக்குச் சென்றிருந்தார். அவர் மனைவியிடம் பெயர் கேட்டோம். விடை கூறுமுன் உள்ளே சென்று, நெகிழித்தாளில் சுற்றிய அடையாள அட்டைகளைக் கொணர்ந்து எம் கையில் கொடுத்தார். வங்கமொழி பேசுவாரை எல்லை தாண்டி வந்தவரோ என ஐயுறுவார் பலர் உளர். எம்மையும் அவ்வாறு ஆராய வந்தவராகவே அவர் எண்ணிவிட்டார். சமையல் கேட்க வந்திருக்கிறோம் என்று அறிவுறுத்த அம்மாணவி பட்ட பாடு சிறிதன்று. அட்டைகளைத் திருப்பிக் கொடுத்த பின்னரே அவர் அமர்ந்தார்.

அவர் விரித்துரைத்தது பனிக்காலக் காலையுணவாகிய 'பாபா பிட்டா'. பாப் என்பது ஆவி. ஆகவே, ஆவியில் வெந்த பிட்டா என்பது பொருள். மேற்கு வங்கத்தார் பிட்டே என்றும் வங்கதேசத்தார் பிட்டா என்றும் வழங்குவர். மாவைக் குறிக்கும் 'பிஷ்டம்' என்னும் வடசொல்லின் வழிவந்தது அது. நம் பிட்டையும் அதன் திரிபென்பார் உளர். பிண்டு உதிர்வதால் பிட்டாயிற்று எனத் தமிழ்வேர் காட்டுவாரும் உளர். ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு முடிவு கட்டுதல் ஆய்வு நெறியன்று. எனவே சொல்லை விடுத்து, செய்முறையை நோக்கத் துணிந்தோம். அடுத்த வாரம் எம் இல்லத்து அடுக்களைக்கு அவரை அழைத்தோம்.

இரண்டு ஆழாக்குப் பச்சரிசி மாவில் உப்பு நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்துப் பிசிறினோம். எவ்வளவு நீர் என்று குறித்துக்கொள்ள எழுதுகோலை எடுத்தபோது, "தீதி, கை சொல்லும்" என்றார் அவர். ஒரு பிடி மாவை அழுத்தினால் உருண்டையாய் நிற்க வேண்டும். விரலால் தட்டினால் பொலபொலவென உதிர வேண்டும். எம் தாயார் பிட்டு மாவுக்குச் சொன்ன பதமும் இதுவே! பிசிறிய மாவைக் கண் அகன்ற சல்லடையில் தேய்த்துச் சலித்தோம். வேறுபாடு இதன் பின்னரே வருகிறது. நாம் மாவை வேகவைத்த பிறகு தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் கலப்போம். அவர் சிறு கிண்ணத்தில் மாவைத் தூவி, நடுவில் வெல்லமும் தேங்காய்த் துருவலும் வைத்து, மேலும் மாவால் மூடினார், அழுத்தவில்லை. நனைத்த மெல்லிய துணியால் கிண்ணத்தைப் போர்த்தி, கொதிநீர்ப் பானையின் துளையிட்ட மூடிமேல் கவிழ்த்துக் கிண்ணத்தை மட்டும் எடுத்தார். நான்கைந்து நிமிடத்தில் வெல்லம் உள்ளேயே உருகி மாவில் ஊறிவிடுகிறது. அவர் ஊரில் பனிக்கால ஈச்சஞ்சாற்றில் காய்ச்சிய வெல்லம் இடுவர். எம்மிடம் இருந்தது பனைவெல்லம். அதை முகர்ந்து பார்த்து, போதும் என்று தலையசைத்தார்.

மற்றொரு பிட்டாவையும் அவர் கூறினார். அரிசிமாவுக் கரைசலை மண்சட்டியில் ஊற்றிச் சுடுவது 'சித்தோய்'. அதைப் பாலிலும் ஈச்ச வெல்லத்திலும் ஊறவைத்தும் உண்பர். இதனைக் கேட்டதும் மீண்டும் பெரும்பாணாற்றுப்படைக்கே சென்றோம். கூவியர் எனப்படும் அப்ப வாணிகர் பாகொடு செய்த வட்டம் பாலில் கிடப்பதை, நீரில் உதிர்ந்த பூக்களுக்கு உவமையாக்குகிறார் புலவர். நச்சினார்க்கினியர் உரையை எத்தனையோ முறை படித்தும் எம் கண்ணுக்குத் தோன்றாத அவ்வட்டம், அன்று தோன்றியது.

யாம் தனியே செய்த முதல் மூன்று பிட்டாக்கள் துணியை நீக்கியதும் உதிர்ந்துபோயின. மாணவி உடனே, "வந்திக் கிழவியின் பிட்டு, அம்மா" என்றாள். திருவிளையாடற் புராணத்தில் மண் சுமக்க வந்த கூலியாளுக்கு உதிர்ந்த பிட்டே கூலி. அக்கதையை அவள் தமிழும் இந்தியும் கலந்து சொல்ல, விருந்தினர் வாய்விட்டுச் சிரித்து, உதிர்ந்ததைத் தம் தட்டில் வாரிக்கொண்டார். நான்காவது பிட்டா உடையாமல் வந்தது. காலை முறை முடிந்து வரும் கணவருக்கென்று அதை வாழையிலையில் பொதிந்து கொடுத்தனுப்பினோம்.