கடிப்பதற்கு முன் என்ன நடந்தது?

ப்ரீ கேஜி வகுப்புக்குப் புதிதாக வரும் ஆசிரியையைக் கலங்கடிப்பது பாடமல்ல. கடிக்கிற, தள்ளுகிற, பொம்மையை வீசுகிற ஒன்றிரண்டு குழந்தைகள்தாம். ‘அது அடங்காத பிள்ளை’ என்று பக்கத்து வகுப்பு மிஸ் முதல் நாளே சொல்லிவிடுவார். அதை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். மூன்று வயதில் கோபத்தைச் சொல்ல வார்த்தை போதாது, கை முந்திக்கொள்ளும்.

ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: முன்னால் நடந்தது, குழந்தை செய்தது, பின்னால் நடந்தது. ‘முரண்டு பிடித்தான்’ என்று எழுதினால் ஒன்றுக்கும் உதவாது. ‘11.40. கை கழுவும் வரிசை. பின்னால் நின்றவள் இடித்தாள். அவள் கையைக் கடித்தான். ஆயாம்மா அவனைத் தூக்கி வரிசையில் முதலாவதாக நிறுத்தினார்’ என்று எழுதுங்கள். பசி, நெரிசல், கடித்ததும் கிடைத்த முதலிடம் மூன்றும் இதிலேயே தெரிகின்றன. இதே நேரம் இரண்டு மூன்று நாள் திரும்ப வந்தால் மாற்றவேண்டியது வரிசையைத்தான். நான்கைந்து பேராக அனுப்புங்கள். அவனை முதல் குழுவிலேயே, கடிக்கும் முன்பே, அனுப்பிவிடுங்கள். பத்தரை மணிக்குச் சுண்டலோ பழமோ கொடுங்கள். ‘தள்ளாதே’ என்று சொல்லவும், கை உயர்த்தி மிஸ்ஸைக் கூப்பிடவும், அவன் சிரித்து விளையாடும் வேளையில் பழக்குங்கள். அழும்போது எதுவும் ஏறாது.

கடித்துவிட்டால் முதலில் கடிபட்ட குழந்தையிடம் போங்கள். காயத்தை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிறகு கடித்தவனின் கண் மட்டத்துக்குக் குனிந்து, ‘கடிக்கக் கூடாது, அவளுக்கு வலிக்குது’ என்றால் போதும். கட்டாய ‘சாரி’ வேண்டாம். சுவரில் ஸ்டார் ஒட்டும் பட்டியலும் எனக்கு உடன்பாடில்லை. தினமும் ஸ்டார் இல்லாத பெயராக நிற்பது அந்தக் குழந்தைதான். ‘திருப்பிக் கடிச்சா புத்தி வரும்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 75-ஆம் பிரிவின்படி, பராமரிப்பு நிறுவனத்தில் வேலை செய்பவர் குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் ஐந்தாண்டு வரை கடுங்காவல் விதிக்கலாம்.

கடிபட்டவளின் அம்மாவுக்கு, அவர் தழும்பைப் பார்க்கும் முன் நீங்களே போன் செய்யுங்கள். கடித்தது யாரென்று சொல்லாதீர்கள். கடித்தவனின் அம்மாவிடம் கேட்டில் நாலு பேர் முன்னால் பேசாமல், தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள்: தூக்கம் எப்படி, வீட்டில் புதுக்குழந்தை வந்திருக்கிறதா, அப்பா வெளியூர் போயிருக்கிறாரா?

கூப்பிட்டால் திரும்பாத, மூன்று வயதிலும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத குழந்தைக்குக் காது பரிசோதனை உடனே தேவை. ‘ஆட்டிசமா இருக்கும்’ என்று நீங்கள் பெயர் வைக்கவேண்டாம். அங்கன்வாடி என்றால், 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை வரவேண்டும், அவர்களிடம் காட்டுங்கள். தனியார் பள்ளி என்றால் பெற்றோரை அரசு மருத்துவமனையின் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புங்கள், கட்டணமில்லை. நோட்டின் நகலையும் கொடுத்தனுப்புங்கள்.