மாங்கன்றின் இரகத்தை மரபணுவால் அறிதல்

மா ஒட்டுக்கன்று வாங்கும் விவசாயப் பெருமக்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. பங்கனபள்ளி என்று வாங்கி நட்ட கன்று காய்ப்புக்கு வர நான்கைந்து ஆண்டுகள் ஆகும். காய் கண்ட பிறகே அது வேறு இரகம் எனத் தெரிந்தால், இட்ட எரு ஒருபுறமிருக்க, கழிந்த ஆண்டுகளை யாரிடம் கேட்டுப் பெறுவது?

இலையைப் பார்த்துச் சொல்லலாமே என்பீர்கள். புதுச்சேரி நகரில் 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனத்தின் உலர்தாவரத் தொகுப்பு, இலையையும் பூவையும் கொண்டு தாவர இனங்களை அறிய உதவுகிறது. ஆனால் நீலம், மல்கோவா, கிளிமூக்கு யாவும் ஒரே இனம். சிறு கன்றின் இலை அவற்றைப் பிரித்துக் காட்டாது. பெயரை நம்பவும் வழியில்லை. கிளிமூக்கையே பெங்களூரா என்றும் தோத்தாபுரி என்றும் விற்கிறார்கள்.

இங்கேதான் மரபணுக் குறியீடுகள் கைகொடுக்கின்றன. இலையிலுள்ள டி.என்.ஏ. இழையில் இரண்டு மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடங்கள் பல உண்டு. ஓர் இரகத்தில் 12 முறை வருவது மற்றொன்றில் 17 முறை வரலாம். ஒவ்வோர் இடத்திற்கும் இரு பிரதிகள். ஒன்று தாய்வழி, மற்றது தந்தைவழி. ஆய்வகத்தில் அந்த இடத்தை மட்டும் பெருக்கி நீளத்தை அளப்பார்கள். பல இடங்களின் அளவைச் சேர்த்துப் பார்த்தால் அதுவே இரகத்தின் கைரேகை.

ஒட்டுக்கன்று தாய்மரத்தின் மறுபதிப்பாதலால் எல்லா இடங்களும் ஒத்திருக்க வேண்டும். பெரியகுளம் வெளியிட்ட பி.கே.எம். 1, சின்னசுவர்ணரேகாவையும் நீலத்தையும் கலந்து பெற்றது. ஆகவே அதன் ஒவ்வோர் இடத்திலும் ஒரு பிரதி நீலத்தோடு பொருந்தும். பல இடங்களில் பொருந்தாவிட்டால் அது பி.கே.எம். 1 அன்று.

1889-இல் இந்தியாவிலிருந்து அமெரிக்காவின் புளோரிடாவுக்குச் சென்ற கன்றுகளில் ஒன்று ‘மல்கோபா’. அதன் விதையில் பிறந்ததே புகழ்பெற்ற ஹேடன். அதற்கு மகரந்தம் தந்த மரம் எது என்ற கேள்விக்கு, ஒரு நூற்றாண்டு கழித்து இக்குறியீடுகளே விடை கூறின. அது டர்பன்டைன் என்னும் நார் மிகுந்த மா.

இம்முறைக்கும் எல்லை உண்டு. ஒரு கிளையில் மட்டும் தோன்றும் திடீர் மாற்றத்தை இது பெரும்பாலும் காட்டாது. ஒப்பிட இரகம் உறுதியான மரம் ஒன்று வேண்டும். அது இல்லாமல் கிடைக்கும் முடிவு வெறும் எண்களே. பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் மா இரகத் தொகுப்பு உண்டு.

இலை எடுக்கையில் ஒட்டுக்கட்டிய இடத்திற்கு மேலுள்ள தளிரையே எடுங்கள். கீழே துளிர்ப்பது வேர்ச்செடியின் கிளை. அதைச் சோதித்தால் முடிவு தவறாகும்.

கன்றுதோறும் சோதிப்பது வீண் செலவு என்பதே நமது கருத்து. நாற்றுப்பண்ணையின் தாய்மரத்தை ஒருமுறை சோதித்தால் போதும். கன்று வாங்குமுன் தாய்மரத்தைக் காட்டச் சொல்லுங்கள். வாங்கிய இரசீதில் இரகத்தின் பெயரை எழுதி வாங்குங்கள். புதுவை விவசாயிகள் ஐயமிருப்பின் குருமாம்பேட்டிலுள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.