ஸ்டார்ட்டர் பலகைக்கு முன்னும் பின்னும் எவ்வளவு இடம் வேண்டும்?

மோட்டார் கொட்டகை கட்டும்போது நமது விவசாயிகள் மோட்டாருக்கு இடம் பார்க்கிறார்கள், குழாய்க்கு வழி பார்க்கிறார்கள். மெயின் சுவிட்சும் ஸ்டார்ட்டரும் பொருத்திய பலகை மட்டும் மிச்சமுள்ள மூலைக்குப் போய்விடுகிறது. உழவியல் கற்பிக்கும் ஆசிரியருக்கு மின்பலகையில் என்ன வேலை என்று கேட்கலாம். பாசனம் பற்றிப் பேச எந்தத் தோட்டத்திற்குப் போனாலும் முதலில் நுழைவது மோட்டார் கொட்டகையில்தான்.

அப்படிப் போன ஓரிடத்தில், சுவரில் ஓதம் ஏறுகிறது என்று இரண்டு ஆங்கிள் இரும்புகளை நட்டு, பலகையைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்தியிருந்தார் ஒரு விவசாயி. எண்ணம் நல்லதுதான். ஆனால் இணைப்புகள் எல்லாம் பலகையின் பின்பக்கம், மூடியின்றி இருந்தன. அளந்து பார்த்தேன். இணைப்பு முனைக்கும் சுவருக்கும் இடையே 45 செ.மீ. ஒயர் கழன்றால் அவரே உள்ளே போய் முறுக்குவாராம். “நான் ஒல்லிதான் சார், ஒருக்களித்து நுழைந்துவிடுவேன்” என்றார்.

விதி சொல்லும் அளவு

இதற்கென்று விதி உண்டு. 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் 51-ஆவது விதி, 250 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரம் வரும் பலகைகளுக்கு இடைவெளியை வகுத்தது. மத்திய மின்சார ஆணையம் 2010-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறைகளும் அதே அளவுகளை எடுத்துக்கொண்டன. நமது மும்முனை மோட்டாருக்கு வருவது சுமார் 400 வோல்ட் மின்சாரம் என்பதை நினைவில் கொள்ளவும்.

பலகையின் முன்னால் குறைந்தது 1 மீட்டர், அதாவது மூன்றேகால் அடி, காலியாக இருக்க வேண்டும். பின்பக்கம் திறந்த இணைப்புகள் இருந்தால், அங்குள்ள இடைவெளி 20 செ.மீ.க்குக் குறைவாக இருக்கவேண்டும். அல்லது 75 செ.மீ.க்கு மேல் இருக்கவேண்டும். இடைப்பட்ட அளவு கூடாது. 75 செ.மீ.க்கு மேல் விட்டால், பலகையின் எந்த முனையிலிருந்தும் போய்வரும்படி, 6 அடி உயரம் தலையில் எதுவும் இடிக்காத வழியும் வேண்டும்.

குறைவாகவும் இருக்கலாம், அதிகமாகவும் இருக்கலாம், நடுவில் மட்டும் கூடாது என்றால் வேடிக்கையாகத் தோன்றும். காரணம் எளிது. ஒரு சாணுக்கும் குறைந்த சந்தில் ஆள் நுழைய முடியாது. இரண்டரை அடிக்கு மேல் இருந்தால் நுழைந்தவர் திரும்பலாம், கையை உதறலாம், வெளியே வரலாம். 45 செ.மீ. சந்தில் முதுகு ஈரச்சுவரில் படும், மார்பு இணைப்பு முனைகளுக்கு நேரே இருக்கும். ஷாக் அடித்தால் பின்வாங்க இடமில்லை. வெளியில் இருப்பவர் இழுக்கவும் வழியில்லை. மெயினை அணைப்பதற்குள் உயிர் போய்விடலாம்.

அளக்கும்போது ஒரு தவறு நேர்கிறது. அளவு பலகையிலிருந்து அல்ல, பின்பக்கம் அதிகமாக நீட்டிக்கொண்டிருக்கும் பாகத்திலிருந்து பார்க்கவேண்டும். 80 செ.மீ. விட்டிருக்கிறேன் என்பார்கள், இணைப்புகள் 10 செ.மீ. நீண்டிருந்தால் மிஞ்சுவது 70-தான்.

முன்பக்கம்

நான் வளர்ந்தது சென்னை நொச்சிக்குப்பத்தில். கடலை ஒட்டிய குப்பத்தில் காலியாகத் தெரியும் மூலையெல்லாம் வலைக்குப் போய்விடும். மோட்டார் கொட்டகையிலும் இதே கதைதான்: உர மூட்டை, மருந்து தெளிப்பான், பழைய குழாய். இரவில் கரண்ட் வந்ததும் டார்ச்சுடன் ஓடிவருபவர் மூட்டைமேல் சாய்ந்துகொண்டு எட்டி ஸ்டார்ட்டரைத் தொடுகிறார். கால் வழுக்கினால் கை எதைப் பிடிக்கும்? கடலோரக் கிராமத்தார் இன்னும் கவனிக்க வேண்டும். உப்புக்காற்றில் பெட்டியின் கீல் துருப்பிடித்து இறுகிவிடும். கதவைப் பலமாக இழுக்கும்போது பின்னால் ஒரு எட்டு வைக்க உலர்ந்த தரை வேண்டும்; அங்கே கிணற்று விளிம்போ மோட்டார்க் குழியோ இருக்கலாகாது.

பெட்டியைத் திறக்குமுன் மெயின் சுவிட்சை அணைப்பது அவசியம். கரண்ட் இல்லை என்று நம்பிக் கை வைப்பது ஆபத்து. எந்த நேரமும் வரலாம், ஆட்டோ ஸ்டார்ட்டர் இருந்தால் மோட்டார் தானாக ஓடத் தொடங்கும். கெப்பாசிட்டர் இருந்தால் அணைத்த பின்னும் அதில் மின்சாரம் தங்கும் என்பதால் சில நிமிடம் பொறுக்கவேண்டும்.

ஓதத்திற்கு என்ன செய்வது?

சிறு கொட்டகையில் பின்னால் இரண்டரை அடி விடுவது நடவாத காரியம். எனவே சுவரோடு பொருத்துவதே என் கருத்தில் மேல். ஓதம் இருந்தால் சுவருக்கும் பலகைக்கும் இடையே இரண்டு விரற்கடை தடிமனுள்ள கட்டைகளைக் கொடுத்தால் காற்று புகும், ஆள் புகமுடியாது. எல்லா இணைப்புகளையும் முன்பக்கத்திற்குக் கொண்டுவந்து, மூடியுள்ள பெட்டிக்குள் அடக்கிவிட வேண்டும். இதை உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்யவேண்டும். மேலே சொன்ன விவசாயி அடுத்த கடலை விதைப்புக்கு முன்பே இப்படி மாற்றிவிட்டார். நட்டுவைத்த ஆங்கிள் இரும்புகளில் இப்போது தெளிப்பான் தொங்குகிறது, பலகையிலிருந்து நன்றாகத் தள்ளி.