நூறு படங்களும் ஒரு கட்டளையும்

குளக்கட்டு திருத்துமுன் ஒரு படம், திருத்தியபின் ஒரு படம் என்று எடுத்து வைக்கிறோம். அறிக்கையோடு அவற்றை அனுப்பும்போதுதான் சிரமம். 4000க்கு 3000 புள்ளிகள் கொண்ட கைத்தொலைபேசிப் படத்தில் 1 கோடியே 20 இலட்சம் புள்ளிகள் உண்டு. அதை 1200க்கு 900 ஆக்கினால் பதினொன்றில் ஒரு பங்காகும். திரையில் பார்க்க இது போதும்.

நூறு படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து குறைக்க அரைநாள் போய்விடும். ஜோன் கிறிஸ்டி உருவாக்கி 1990 இல் வெளியிட்ட இமேஜ்மேஜிக் என்னும் இலவச மென்பொருள், கட்டளைச் சாளரத்தில் தட்டச்சு செய்யும் ஒரே வரியில் இதை முடித்துவிடும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ஒருமுறை நாம் அவசரத்தில் கட்டளை கொடுத்தோம். மூலப்படங்களே சிறுத்துப்போயின. பின்னர் அச்சுக்குப் பெரிய படம் கேட்டார்கள். கொடுக்க எம்மிடம் இல்லை. 1200 புள்ளிகள் நல்ல அச்சில் 4 அங்குல அகலத்துக்கே போதும். திருத்திய கட்டை உடைத்தா மீண்டும் படமெடுப்பது?

எனவே இந்த ஒழுங்கில் செய்யுங்கள். சொற்களை ஆங்கில எழுத்தில், ஒரே வரியில் தட்டச்சு செய்யவேண்டும். 3ஆம் படியின் 'பாத்' முதல் ஒவ்வொரு சொல்லின் முன்னும் ஒரு சிறு கோடு இடுங்கள்.

1. மூலப்படங்களின் பிரதியொன்றை வேறிடத்தில் வையுங்கள்.

2. படங்கள் உள்ள கோப்புறைக்குள் வெறும் கோப்புறை ஒன்றை உண்டாக்குங்கள்.

3. 'மேஜிக் மொக்ரிஃபை' என்று தொடங்கி, 'பாத்' என்ற சொல்லின்பின் அக்கோப்புறையின் பெயரை இடுங்கள். இதை விட்டால் மூலத்தின் மேலேயே எழுதப்படும்.

4. 'ஓட்டோ-ஓரியன்ட்' படத்தை நிமிர்த்தும். 'ரீசைஸ்' என்பதன்பின் "1200x1200>" என மேற்கோளுக்குள் இடுங்கள். நீள அகல விகிதம் மாறாது. சிறிய படங்கள் பெருப்பிக்கப்படமாட்டா.

5. 'ஸ்ட்ரிப்' படத்தில் மறைந்திருக்கும் இடக்குறிப்பை நீக்கும். படத்தில் உள்ளவர்களின் பாதுகாப்புக்கு இது அவசியம். எடுத்த திகதியும் அத்துடன் அழியும். அதற்கு மூலமே சாட்சி.

6. 'குவாலிட்டி 80', 'ஃபோர்மட் ஜேபிஜி' என்பன கோப்பைச் சிறிதாக்கி வகையையும் மாற்றும். இறுதியில் நட்சத்திரக்குறி, புள்ளி, உங்கள் படங்களின் வகைப்பெயர்.

முதலில் இரண்டு படங்களில் சோதித்துப் பாருங்கள்.

குழுவாகச் சிந்திக்க: எமது கிராமத்தின் மூலப்படங்கள் இன்று யாரிடம் இருக்கின்றன? அந்தக் கைத்தொலைபேசி பழுதானால் எம்மிடம் எஞ்சுவது என்ன?