மெழுகுதிரி ஏற்றியதும் பஸ் ஏறிவிடாதீர்கள்

உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து கொழும்புக்குப் போகும் பலர், கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கும் ஒரு எட்டுப் போய்வருவார்கள். கத்தோலிக்கர் மட்டும் என்றில்லை. மகனுக்கு வேலை கிடைக்க வேண்டும், காணாமல் போன நகை திரும்ப வேண்டும் என்று நேர்த்தி வைத்து, திருநீற்று நெற்றியோடு வரிசையில் நிற்பவர்களையும் அங்கே தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் பெரும்பாலானோர் மெழுகுதிரி ஏற்றிக் கும்பிட்டதும் நேரே புறக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. அந்தக் கோயிலின் கதையில் பாதி வெளியே, தெருக்களில்தான் இருக்கிறது. இன்னும் அரை நாள் ஒதுக்குங்கள்.

முதலில் வழி. உடப்புசல்லாவையில் இருந்து ராகலை, கந்தப்பளை ஊடாக நுவரெலியாவுக்கு பஸ்ஸில் வர வேண்டும். ஒரு காலத்தில் நானுஓயாவில் இருந்து ராகலை வரை சின்ன ரயில் ஓடியது. 1904 இல் ராகலையைத் தொட்ட அந்தப் பாதையை 1940களிலேயே மூடிவிட்டார்கள். இப்போது ரயில் என்றால் நானுஓயாவில்தான் ஏற வேண்டும். கொழும்புக் கோட்டைக்கு ஏறக்குறைய ஏழு மணிநேரம் பிடிக்கும். அடைமழைக் காலத்தில் மண்சரிவால் ரயில் நின்றுவிடுவது உண்டு, ஆகவே முதல் நாளே ஸ்டேஷனில் விசாரித்துக்கொள்ளுங்கள். நுவரெலியாவில் இருந்து ஹட்டன், அவிசாவளை வழியாகவும் பஸ் உண்டு.

அந்தோனியாருக்கு உரிய நாள் செவ்வாய்க்கிழமை. நவநாள் செபமும் பூசைகளும் நாள் முழுக்க நடக்கும், கூட்டமும் அப்படியே. அமைதியாக உட்கார்ந்து செபிக்க விரும்பினால் வேறு நாளில் வாருங்கள். ஜூன் 13 திருவிழா. அன்று சுரூபம் தெருக்களில் பவனி வரும். முழங்கை இடிக்காமல் நடக்க முடியாது. சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பூசை உண்டு, நேரத்தை மட்டும் வாசலில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கோட்டை ஸ்டேஷனில் இருந்து ஆட்டோ பிடித்தால் சில நிமிடம்தான். கையில் சுமை இல்லையென்றால் நடந்தே போங்கள். புறக்கோட்டை குறுக்குத் தெருவில் சிவப்பு, வெள்ளைக் கோடுகளோடு நிற்கும் பள்ளிவாசல் 1909 இல் கட்டி முடித்தது. அதைத் தாண்டி பிரதான வீதியோடு போய்ச் செட்டியார் தெருவுக்குள் நுழைந்தால் இரண்டு பக்கமும் நகைக்கடைகள், நடுவே ஆடிவேல் புறப்படும் கதிரேசன் கோயில்கள். பிறகு ஜிந்துப்பிட்டி, அதற்கடுத்துக் கொச்சிக்கடை. இந்த ஒரே நேர்க்கோட்டில் எத்தனை சனங்கள் வந்து குடியேறினார்கள் என்பது நடந்தால்தான் புரியும்.

கோயில் பிறந்தது ஒளிவுமறைவான காலத்தில். 1656 இல் கொழும்பைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்க மதத்தைத் தடைசெய்தார்கள். குருக்கள் மாறுவேடத்தில் திரிந்தார்கள். அவர்களுக்கு அப்போது புகலிடமாக இருந்தது மலைநாடு. 1687 இல் கோவாவில் இருந்து வந்த யோசேப் வாஸ் அடிகளை உளவாளி என்று சந்தேகித்துச் சிறைவைத்த கண்டி அரசே, பிறகு அவரைச் சுதந்திரமாக நடமாட விட்டது. 1697 இல் கண்டியில் அம்மை பரவியபோது நோயாளிகளை அவர்தான் பராமரித்தார். 1711 இல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். கரையோரத்தில் வேட்டையாடப்பட்ட சபை மலையில் மூச்சுப்பிடித்துத்தான் பிழைத்தது. மலையில் இருந்து போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

கொச்சிக்கடைக் கதையின் நாயகர் அந்தோனியோ என்ற குரு. பங்கு மரபு சொல்வது இது: வியாபாரி வேடத்தில் ஒளிந்திருந்தவரிடம் மீனவர்கள் வந்து, கடல் கரையை அரிக்கிறது, தடுத்துத் தந்தால் உங்கள் சாமியை நம்புகிறோம் என்றார்கள். அவர் கரையில் குருசை நட்டுச் செபித்தார், மூன்றாம் நாள் கடல் பின்வாங்கியது. அந்த இடத்தில் மண்ணால் எழும்பியதே முதல் சிற்றாலயம். ஆங்கிலேயர் 1806 இல் கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்களை நீக்கிய பின் அது பெருத்தது. இன்று எல்லோரும் கும்பிடும் சுரூபத்தை 1822 இல் ஒரு பக்தர் கோவாவுக்குப் போய்க் கொண்டுவந்தார் என்கிறார்கள். பெரிய கோயிலை 1834 ஜூனில் அபிஷேகம் செய்தார்கள்.

கோயில் வாசலில் நின்று கடலைத் தேடிப் பாருங்கள். கண்ணில் படாது. 1875 இல் அலைதடுப்புச் சுவருக்கு முதல் கல் வைத்த நாளில் இருந்து துறைமுகம் வளர்ந்துகொண்டே வந்து, மீனவர் கரையை மதிலுக்குப் பின்னால் தள்ளிவிட்டது. பங்கின் சனமும் அப்படியே மாறியது. தூத்துக்குடிப் பரதவர், கொழும்புச் செட்டிகள், மலையாளிகள், துறைமுகத் தொழிலாளர் என்று ஒவ்வோர் அலையாக வந்தார்கள். வசதி வந்த பறங்கியர் தெற்கே பம்பலப்பிட்டிப் பக்கம் போனார்கள். 1983 ஜூலைக் கலவரத்தில் புறக்கோட்டைப் பக்கம் தமிழர் கடைகள் எரிந்தன. போர்க்காலத்தில் வடக்கில் இருந்து வந்தவர்கள் விசாவுக்காகக் கொட்டாஞ்சேனை லொட்ஜ்களில் காத்துக் கிடந்தார்கள். 2007 ஜூன் 7 அன்று கொழும்பு லொட்ஜ்களில் இருந்த தமிழர் நூற்றுக்கணக்கானோரை பஸ்களில் ஏற்றி ஊரைவிட்டு அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் மறுநாளே அதை நிறுத்தியது. இன்று இந்தப் பக்கத்துக் கடைகளில் மலைநாட்டுப் பிள்ளைகள் சம்பளத்துக்கு நிற்கிறார்கள். பழைய ஓட்டு வீடுகளுக்கு மேலாக அடுக்குமாடிகள் எழும்புகின்றன. வீட்டுக்காரர் மாறிக்கொண்டே இருக்கும் தெருவில், வந்த எல்லோரையும் தெரிந்துவைத்திருப்பது இந்தக் கோயில்தான்.

உள்ளே போகுமுன் பையைச் சோதிப்பார்கள், முகம் சுளிக்காதீர்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலைப் பூசை நேரத்தில் இங்கே குண்டு வெடித்தது. நீர்கொழும்பு கட்டுவப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் கொழும்பு ஹோட்டல்களிலும் அதே காலை நடந்த தாக்குதல்களோடு சேர்த்து 260க்கும் அதிகமானோர் இறந்தார்கள். கூரை சிதறிய கோயிலைக் கடற்படையினர் திருத்தினார்கள். ஜூன் 12 அன்று மீண்டும் அர்ச்சிக்கப்பட்டது, மறுநாள் திருவிழா நடந்தது. ஏழே கிழமைதான் ஆகியிருந்தது. கண்ணாடிக் கூடுகளில் இருக்கும் சுரூபங்களுக்கு முன்னால், கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தபடி அசையாமல் நிற்பவர்களைப் பார்ப்பீர்கள். போன் கமராவை அவர்கள் பக்கம் திருப்பாதீர்கள்.

வெளியே வந்ததும் கிட்டத்திலேயே பொன்னம்பலவாணேசுவரர் கோயில். 1857 இல் பொன்னம்பல முதலியார் எழுப்பியதை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் புதுப்பித்தார். வெயில் ஏறிய நேரத்தில் அந்தக் கல்மண்டபத்தின் குளிர்ச்சிக்கே போகலாம். இரண்டு கோயில்களுக்கும் ஒரே நாளில் போவது அந்தப் பக்கத்தாருக்கு வழக்கமான சங்கதி.

அங்கிருந்து கொட்டாஞ்சேனை சாந்த லூசியா பேராலயம். 1870களில் தொடங்கிய வேலை 20ஆம் நூற்றாண்டின் வாசல் வரை நீண்டது. நாட்டிலேயே மிகப் பெரிய கத்தோலிக்கக் கோயில்களில் ஒன்று. அதன் குவிமாடத்தைப் பார்த்துவிட்டு, நடந்து போகும் தூரத்தில் உள்ள தீபதுத்தாராமய விகாரைக்கும் கட்டாயம் போங்கள். 1873 இல் பாணந்துறையில் கிறிஸ்தவப் போதகர்களோடு வாதம் புரிந்த மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் விகாரை அது. 1883 மார்ச் 25, அதுவும் ஓர் உயிர்த்த ஞாயிறு. விகாரைக்குப் போன பௌத்த ஊர்வலம் பேராலயத்தை நெருங்கியபோது கத்தோலிக்கக் கூட்டம் பாய்ந்தது. கல்லும் தடியும் பறந்தன, உயிரும் போனது. தாக்கியவர்களுக்குத் தண்டனை கிடைக்கவில்லை என்ற மனக்குறையோடு, பௌத்தர்களுக்காகக் குரல்கொடுத்த கேணல் ஒல்கொட் லண்டன் வரை போய் முறையிட்டார். அதையடுத்து 1885 இல் வெசாக் அரசாங்க விடுமுறையானது, பௌத்தக் கொடியும் அந்த வெசாக்கில்தான் முதன்முதலாக ஏறியது. 2019 இன் வலியைச் சொல்லும் கத்தோலிக்கர் 1883 ஐயும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதுவும் இந்தப் பக்கத்துத் தெருக்களில் நடந்ததுதான்.

இன்னும் கால் வலிக்கவில்லையென்றால் மேட்டில் இருக்கும் வுல்பெண்டால் தேவாலயம். ஒல்லாந்தர் தங்கள் சீர்திருத்த சபைக்காக 1757 இல் கட்டி முடித்தது. கத்தோலிக்கரைத் தடைசெய்தவர்களின் கோயிலில் இன்று ஆள் குறைவு. சுவரின் பருமனும் கல்லறைக் கற்களும் பார்க்க வேண்டியவை. திறந்திருக்கும் நேரம் முன்பின்னாகலாம்.

தோளும் முழங்காலும் மூடும் உடுப்பில் போங்கள். மெழுகுதிரி, பூமாலை எல்லாம் வாசலிலேயே விற்கும், சில்லறை கையில் இருக்கட்டும். சாப்பாட்டுக்குச் செட்டியார் தெருப் பக்கத்துச் சைவக் கடைகள் உண்டு. மாலை இருட்டுமுன் புறக்கோட்டைக்கு வந்துவிட்டால் நுவரெலியா பஸ்ஸில் இடம் பிடிக்கலாம்.

வயதானவர்களுக்குக் கொழும்புப் பயணம் தாங்காது என்றால் மாத்தளை மாவட்டத்தில், கலேவெலைப் பக்கம் வாகாகோட்டை அந்தோனியார் கோயில் இருக்கிறது. கண்டி அரசர் காலத்தில் இருந்தே கத்தோலிக்கர் வாழும் கிராமம் அது. நுவரெலியாவில் இருந்து கண்டி, மாத்தளை என்று பஸ் மாறிப் போகலாம்.